பனி இறுகும் வரை

திட்டம் கலைந்துபோன ஒருவரிடம் நம்மூரில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "சரி, அடுத்து என்ன?" நீட் கட்-ஆஃப் எட்டவில்லை, ஆஃபர் லெட்டர் கொடுத்த கம்பெனி கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது, விசா மறுக்கப்பட்டது, ஏழு வருடக் காதல் முடிந்துபோனது. எதுவானாலும் ஒரு வாரத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். கல்யாணப் பந்தியில் பெரியப்பா கேட்பார். வாட்ஸப்பில் நண்பன், "மூவ் ஆன் ஆயிடு மச்சி" என்பான். இருவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, சீக்கிரம் நகர்ந்துவிட வேண்டும். இரண்டு, பட்ட பாட்டையெல்லாம் பிறகு ஒரு வெற்றியாக மாற்றிக் காட்ட வேண்டும். இவை நியாயமானவைதானா?

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அண்டார்க்டிகா ஞாபகம் வரும். எர்னஸ்ட் ஷேக்கில்டனின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1914-இல் அந்தக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நடந்தே கடக்கப் புறப்பட்டார். கரையிறங்குவதற்கு முன்பே, வெடல் கடலில் அவருடைய எண்டூரன்ஸ் கப்பல் பனியில் சிக்கிக்கொண்டது. 1915 நவம்பரில் அது நொறுங்கி மூழ்கியது. கண்டத்தைக் கடக்கும் கனவை விட்டுவிட்டு, 28 பேரையும் உயிரோடு திருப்பிக் கொண்டுபோவதே இனி வேலை என்று அவர் மாறிக்கொண்டார். அதைச் செய்தும் காட்டினார். மேலாண்மை வகுப்புகளில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

குறைவாகச் சொல்லப்படுவது கண்டத்தின் மறுபக்கத்தில் நடந்தது. ஷேக்கில்டனால் பயணம் முழுவதற்குமான உணவைச் சுமந்துவர முடியாது. அதனால் ராஸ் கடல் பக்கமிருந்து இன்னொரு குழு, அவர் வரப்போகும் வழியில் உணவுக் கிடங்குகளை அமைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏனியஸ் மக்கின்டாஷ் தலைமையில் அந்தக் குழு போனது. 1915 மே மாதப் புயலில் அவர்களுடைய அரோரா கப்பல் நங்கூரம் அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. கரையில் மாட்டிக்கொண்டவர்கள் 10 பேர். இறக்காத சாமான்கள் பெரும்பாலும் கப்பலோடு போய்விட்டன. ஸ்காட்டின் பழைய பயணக்குழு விட்டுப்போன மிச்சத்தைப் பொறுக்கி, பழைய கூடாரத் துணியில் கால்சட்டை தைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். "நாம வைக்கலன்னா அவங்க வழியிலேயே செத்துடுவாங்க" என்பதுதான் அவர்களை இழுத்துச் சென்றது. 1916 ஜனவரி கடைசியில் மவுன்ட் ஹோப் அருகே கடைசிக் கிடங்கையும் வைத்து முடித்தார்கள்.

எண்டூரன்ஸ் மூழ்கி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வழியில் யாரும் வரப்போவதில்லை. அது இவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. திரும்பும் வழியில் ஸ்கர்வி நோயால் ஆர்னால்ட் ஸ்பென்சர்-ஸ்மித் இறந்துபோனார்.

இந்த உழைப்பை என்னவென்று சொல்வது? "எதுவும் வீண் போகாது" என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல். அதை இங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதற்காக அந்த உணவைச் சுமந்தார்களோ அந்த வகையில் அது வீண்தான். ஆனால் வீண் என்பதும் தவறு என்பதும் ஒன்றல்ல. தங்களை நம்பி வரும் மனிதர்களுக்கு உணவு வைப்பது, அன்று அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், சரியான செயல். விளைவு பொய்த்ததால் செயல் பின்னோக்கிப் போய்த் தவறாகிவிடாது. நம்மைக் குடைவது பெரும்பாலும் இந்தக் குழப்பம்தான். மூன்று வருடம் படித்த தேர்வு கைகூடவில்லை என்றால், "அப்ப நான் படிச்சதே முட்டாள்தனமா?" என்று கேட்டுக்கொள்கிறோம். அது வேறு கணக்கு. திருக்குறளில் முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரமே இடுக்கண் அழியாமை. நல்வாய்ப்பு இல்லாமல் போவது யாருக்கும் பழி அல்ல, அறிந்து முயலாததே பழி என்ற பொருளில் வள்ளுவர் முந்தைய அதிகாரத்திலேயே சொல்லிவைத்திருக்கிறார்.

இனி முதல் நிபந்தனைக்கு வருகிறேன். கிடங்கு வைத்துவிட்டுத் திரும்பியவர்களில் ஐந்து பேர் ஹட் பாயின்ட் என்ற இடத்தில் ஒரு பழைய குடிசையை அடைந்தார்கள். அங்கே இருட்டும் புகையும் சீல் கறியும்தான். மற்றவர்கள் இருந்த முகாம் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, உறைந்த கடலுக்கு அப்பால். கடற்பனி இன்னும் இறுகவில்லை. 1916 மே 8 அன்று மக்கின்டாஷும் விக்டர் ஹேவர்டும், கூட இருந்தவர்கள் தடுத்தும் கேளாமல், அதன்மேல் நடக்கப் புறப்பட்டார்கள். பனிப்புயல் எழுந்தது. அவர்களை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. எஞ்சிய மூவர் குடிசையிலேயே இன்னும் இரண்டு மாதம் இருந்தார்கள். ஜூலையில் பனி இறுகிய பிறகு அதே தூரத்தை நடந்து கடந்தார்கள்.

அந்த இருவரைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. அவ்வளவு துன்பத்துக்குப் பிறகு அந்தக் குடிசையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் இறந்த மூவரில் இருவரைக் கொன்றது திட்டத்தின் தோல்வி அல்ல, தோற்ற இடத்தை விட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்ற தவிப்பு. நமக்கும் இது பழக்கமானதுதான். ஒரு வேலை போனதும் கிடைத்த முதல் வேலையில் சேர்வது, பிரிந்த கையோடு இன்னொரு உறவுக்குள் போவது, "சும்மா இருக்கான்" என்ற பேச்சுக்குப் பயந்து கடன் வாங்கி ஒரு கோர்ஸில் சேர்வது. நகர்ந்துவிட்டோம் என்று காட்டிக்கொள்கிறோம். காலுக்குக் கீழே இருப்பது தாங்குமா என்று பார்ப்பதில்லை.

"அப்போ காத்திருக்கிறேன்னு சொல்லிட்டுப் படுத்தே கிடக்கலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடிசையில் இருந்த மூவரும் படுத்துக் கிடக்கவில்லை. சீல் வேட்டையாடினார்கள், அடுப்பை அணையாமல் காத்தார்கள், உடம்பைத் தேற்றினார்கள், பனியைக் கவனித்தார்கள். சுறுசுறுப்பின் உதாரணமாகக் காட்டப்படும் ஷேக்கில்டனே மிதக்கும் பனித்தட்டின்மேல் மூன்று மாதங்களுக்கு மேல் முகாமிட்டுக் காத்திருந்தார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பொறுமை முகாம்'. படகுகளை இறக்கியது பனி விலகிய பிறகுதான். காத்திருப்புக்கும் சோம்பலுக்கும் வித்தியாசம், பனியை யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்பதில் இருக்கிறது. நம் விஷயத்தில் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும், தூக்கம் திரும்பிவிட்டதா, மறுபடி முயலும் ஆசை உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்தப் பார்வை. இதை வீட்டாரிடமும் சொல்லிவிடலாம்: "இன்னும் நாலு மாசம் ஆகும்ப்பா, அதுக்குள்ள இதையெல்லாம் பாத்துட்டு முடிவு பண்றேன்."

குடிசையில் காத்திருந்த மூவரில் ஒருவர் டிக் ரிச்சர்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 22. 1917 ஜனவரியில் மீட்கப்பட்ட ஏழு பேரில் அவரும் ஒருவர். அண்டார்க்டிகாவைக் கடக்கும் இன்னொரு திட்டத்தோடு அவர் திரும்பிப் போகவில்லை. ஆஸ்திரேலியாவின் பல்லரட் நகரில் இயற்பியல் ஆசிரியரானார். 1985-இல் இறக்கும்வரை வாழ்ந்த அந்த நீண்ட வாழ்க்கையில், கிடங்குகளுக்குப் பயன் தேடிக்கொடுக்கும்படியான மறுவெற்றி எதுவும் நிகழவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். முன்னே போவது என்பதற்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.