சூதாடச் செல்வோரின் வழிச்செலவுப் பணம்

சூதாடுதல் தீது என்பதில் பௌத்தரிடையே கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் சூதாடச் செல்பவனுக்குப் பணம் மாற்றிக் கொடுப்பவனும், அவனுடைய பணத்தைத் தன் பெட்டியில் வைத்து எல்லை கடந்து கொண்டு சேர்ப்பவனும் எந்நிலையில் நிற்கின்றனர்? ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் நம் அன்பர் சிலர் இவ்வினாவை எழுப்பியுள்ளனர். நம்மவருள் நாணயமாற்று நிலையங்களில் எழுத்தராயிருப்போர் உளர்; பயண முகவர் அலுவலகங்களில் வேலை செய்வோர் உளர்; செல்வர் வீட்டுக் கார் ஓட்டிப் பிழைப்போரும் உளர். ஆதலின் இது ஏட்டளவில் எழுந்த வினாவன்று. மாதச் சம்பளத்தோடு பிணைந்த வினா.

தெலங்கானாவில் பணம் வைத்துச் சூதாடுதலை 1974ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. 2017இல் வந்த திருத்தம் கைப்பேசி வழியாக ஆடும் ஆட்டங்களையும் அத்தடைக்குள் கொணர்ந்தது. (செகந்திராபாத் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படுவதென 1968இல் உச்ச நீதிமன்றம் கூறியதைச் சிலர் இன்றும் எடுத்துக்காட்டுவர். நீதிமன்றம் ஆராய்ந்தது ஆட்டத்தின் இயல்பை, ஆடுவோனின் மனத்தையன்று.) உள்ளூரில் கதவு அடைபட்டதால், வசதியுடையோர் கோவாவுக்கும், அதனினும் அப்பால் காத்மாண்டுக்கும் கொழும்புக்கும் விமானம் ஏறுகின்றனர். விடுமுறை என்று அதற்குப் பெயர் சூட்டுகின்றனர்.

2022 ஜூலையில், ஐதராபாத்திலிருந்து நேபாளத்துக்குச் சூதாட்டப் பயணங்களை ஏற்பாடு செய்தவர்களின் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் அமலாக்கத் துறையினர் சோதனை நடத்தினர். அந்நியச் செலாவணிச் சட்டம் மீறப்பட்டதா என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். 2023 மே மாதத் தொடக்கத்தில், சூதாட்டம் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ள தாய்லாந்தில், பட்டாயா நகர விடுதி ஒன்றில் 90க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர்; அவருள் பெரும்பாலோர் இந்தியர். தனி மனிதரின் குற்றத்தை நிறுப்பது நம் வேலையன்று. அது நீதிமன்றத்தின் வேலை. நாம் நோக்க வேண்டியது, இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எழுந்த ஒரே கேள்வியைத்தான்: பணம் எவ்வாறு எல்லை கடந்தது?

பணம் மாற்றுதல் இந்நகரத்துக்குப் புதிய தொழிலன்று. நிஜாம் அரசுக்குத் தனி நாணயம் இருந்தது. ஹாலி சிக்கா என்பது அதன் பெயர். பிரிட்டிஷ் ரூபாயைக் கல்தார் என்பர். ஆறு கல்தார் ஏறத்தாழ ஏழு ஹாலி சிக்காவுக்கு ஈடு. சென்னைப் படைகளோடு செகந்திராபாத் தண்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரு நாணயத்தில் ஊதியம் பெற்று மற்றொரு நாணயத்தில் அரிசி வாங்கிய காலம் அது. 1959இல் ஹாலி சிக்கா செல்லாததாயிற்று. இரு நாணயங்களுக்கிடையே நின்று கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்களை எவரும் இழிவாகக் கருதியதில்லை, கருதவும் காரணமில்லை. பகவான் புத்தர் உபாசகர்க்கு விலக்கிய வாணிகம் ஐந்து: படைக்கலம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு. நாணயமாற்று அவ்வைந்தில் ஒன்றன்று.

இன்றைய விதிகளைச் சிறிது காண்போம். சுற்றுலா செல்லும் இந்தியர் ஒருவர், 2004இல் தொடங்கிய தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி, ஒரு நிதியாண்டில் இரண்டரை இலட்சம் அமெரிக்க டாலர் வரை அந்நியச் செலாவணி பெறலாம். பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்தில் ரொக்க நோட்டாக 3,000 டாலர் வரை எடுத்துச் செல்லலாம். ஆயினும் நோக்கத்தைக் கூற வேண்டும். பரிசுச் சீட்டு, கால்பந்துப் பந்தயச் சீட்டு முதலியன வாங்குவதற்கு அந்நியச் செலாவணி அறவே கிடையாது என 2000ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நேபாளத்துக்கோ வேறு முறை. அங்கே செல்வதற்கு அந்நியச் செலாவணியே வழங்கப்படுவதில்லை. நம் ரூபாயையே கொண்டு செல்ல வேண்டும். 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலைத்த விலை. 100 ரூபாய்க்கு மேற்பட்ட நோட்டுகளாக ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் செல்லலாகாது.

இருபத்தையாயிரம் என்பது ஐம்பது ஐந்நூறு ரூபாய் நோட்டு. யாத்திரிகன் ஒருவனுக்கு இது பெரும்பாலும் போதும். இலட்சங்களைப் பந்தயமாக வைக்கச் செல்பவனுக்கு இது ஒரு நாழிகைக்கும் போதாது. எனவே பெருஞ்சூதாடி ஆட்டப் பலகையை அடைவதற்கு முன்னரே வேறொரு வழியைத் தேடியாக வேண்டும். அவ்வழிகள் சிலவே. படிவத்தில் 'சுற்றுலா' என்று எழுதி உண்மை நோக்கத்தை மறைக்கலாம். உடன் வரும் பத்துப் பேரின் பைகளில் தன் பணத்தைப் பிரித்து வைக்கலாம். அல்லது உண்டியல் முறையை நாடலாம். ஐதராபாத்தில் ஒருவனிடம் ரொக்கத்தைக் கொடுத்தால், அயல்நாட்டில் மற்றொருவன் அதற்கீடாகச் சில்லுகளைத் தருவான். இம்முறையில் பணம் எல்லையைக் கடப்பதில்லை. வாக்கு மட்டுமே கடக்கின்றது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பஞ்ச சீலத்துள் சூது என்னும் சொல் இல்லை. 1956இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் வழங்கிய 22 உறுதிமொழிகளிலும் அது தனித்துக் கூறப்படவில்லை. இதைக் கண்டு, 'உயிர்க்கொலை செய்யவில்லை, திருடவில்லை, பொய்யுரைக்கவில்லை, என் பணத்தை நான் ஆடுகிறேன். எந்தச் சீலம் குலைந்தது?' என வாதிப்போர் உண்டு. மேலே கூறிய வழிகளை அவர் எண்ணிப் பார்ப்பாராக. மறைத்து எழுதிய படிவம் நான்காம் சீலத்தைக் குலைக்கின்றது. பிறர் பெயரில் கொண்டு செல்லும் பணமும், அரசுக்குக் கணக்குக் காட்டாத பணமும் இரண்டாம் சீலத்தை உரசுகின்றன. முதற் சில்லு பலகையில் விழுமுன்னரே, பணம் மாற்றும் இடத்திலேயே இரண்டு சீலங்கள் தளர்ந்துவிட்டன. வென்றானா தோற்றானா என்பது அதன் பின்னர் எழும் கேள்வி.

சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு இராசகிருகத்தில் பகவான் அளித்த உபதேசத்தில் சூதின் ஆறு கேடுகள் கூறப்படுகின்றன. வென்றவன் பகை தேடுகிறான், தோற்றவன் இழந்த பொருளுக்கு அழுகிறான் என்பன எல்லாரும் அறிந்தவை. அவற்றுள் ஒன்றைப் பலர் விரைந்து கடந்துவிடுவர்: சூதாடியின் வாக்கு அவையில் செல்லாது என்பது அது. உண்டியல் முறையோ முற்றிலும் வாக்கின் மேல் நிற்பது. வாக்கிழந்தவர்கள் வாக்கை நம்பியே பெரும்பொருளைக் கைமாற்றுகின்றனர்! சீட்டும் சான்றும் இல்லாத கடனை எம்மன்றத்தில் கேட்பது? அதனாலன்றோ அத்தகைய கடன்களை வசூலிக்க அச்சுறுத்தல் தேவைப்படுகின்றது.

எதிர்வாதத்தின் வலிமையான வடிவத்தையும் ஒதுக்கிவிடலாகாது. சட்டம் அனுமதித்த தொகையையே ஒருவன் கொண்டு செல்கிறான். மனைவி மக்களுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டான். 'இருபதாயிரம் ரூபாய் இழக்க ஆயத்தமாக வந்தேன். நாடகத்துக்குச் சீட்டு வாங்கினால் அப்பணம் திரும்பி வருமா?' என்கிறான். இவன் பொய்யனல்லன், திருடனுமல்லன். சிகாலனுக்குக் கூறிய அவ்வுபதேசமே, பொருளை நான்காகப் பகுத்து ஒரு பகுதியைத் துய்ப்புக்கும், இரு பகுதியைத் தொழிலுக்கும், எஞ்சியதை ஆபத்துக் காலத்துக்கும் வைக்கச் சொல்கின்றது. துய்ப்புக்குரிய பகுதியைத்தானே செலவிடுகிறேன் என இவன் கூறலாம்.

நாடகம் பார்ப்பவன் பிறர் தோற்க வேண்டுமென விரும்புவதில்லை என்பது நம் முதல் மறுமொழி. சூதில் ஒருவன் மகிழ்ச்சி மற்றொருவன் இழப்பிலிருந்து வருகின்றது. மைத்திரியைப் பயில்பவன் அதில் எவ்வாறு திளைப்பான்? இன்னொன்றும் உண்டு. சூதாட்டக் கூடங்கள் ரூபாயை ரூபாயாகவே மேசைமேல் ஆடவிடாமல் வண்ணச் சில்லுகளாக மாற்றுவது ஏன்? ரூபாயைக் காணும் கண்ணுக்கு அதனை ஈட்டிய உழைப்பு நினைவுக்கு வரும். சில்லைக் காணும் கண்ணுக்கு அடுத்த ஆட்டமே தெரியும். நாணயமாற்றுக்காரன் ஒரு மதிப்பை அதே அளவுடைய மற்றொரு மதிப்பாக்குகிறான். சில்லு மாற்றுபவனோ நினைவை மறதியாக்குகிறான். இழக்க ஆயத்தமான இருபதாயிரம் அந்த மறதியில்தான் நாற்பதாயிரமாகின்றது. மேலும், சாதகத்தையும் நல்ல நேரத்தையும் விட்டொழித்து தம்மத்தைத் தழுவிய நம்மவர், பலகையின் முன் அமர்ந்து 'இன்று என் எண் ஏழு' என்று காத்திருப்பது எத்தகைய மீட்சி!

நேபாள அரசு தன் குடிமக்கள் சூதாட்டக் கூடங்களில் நுழைவதைத் தடுத்துள்ளது. அயலார், குறிப்பாக இந்தியர், வரலாம். தன் மக்களுக்கு ஆகாது என்று அறிந்த ஒன்றை அண்டை வீட்டாருக்கு விற்பதன் அறத்தை அந்நாட்டார் ஆராயட்டும். பகவான் பிறந்தருளிய லும்பினிக்குச் சில மைல் தொலைவில் சித்தார்த்த நகர் என்றே பெயர் பெற்ற பைரஹவாவில் சூதாட்டக் கூடங்கள் உள்ளன. 2022இல் திறந்த கௌதம புத்தர் விமான நிலையமும் அங்கேதான். லும்பினிக்குச் செல்லும் உபாசகனும், பலகைக்குச் செல்லும் சூதாடியும் ஒரே வரிசையில் நின்று, ஒரே விலையில் ரூபாய் மாற்றுகின்றனர். மாற்றிக் கொடுப்பவன் இருவர் முகத்தையும் எவ்வாறு பிரித்தறிவான்?

அறிய வேண்டுவதில்லை என்பதே அவ்வெழுத்தருக்கு நம் விடை. வினை என்பது எண்ணமே எனக் கொள்ளும் நெறி நம்முடையது. தீவினையைத் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றும் விலக்கப்பட்டவை. நோக்கத்தைக் கேட்டு, கூறியதைப் பதிந்து, விதிக்குட்பட்டு மாற்றிக் கொடுத்தவன் இம்மூன்றில் எதையும் செய்தவனல்லன். ஆனால் 'சூதுக்குத்தான் போகிறேன், சுற்றுலா என்று போட்டுக்கொள்' என வாடிக்கையாளர் கண் சிமிட்டும்போது சிரித்துக்கொண்டே அவ்வாறு எழுதுபவன், அக்கணமே உடன்பட்டவனாகிறான். முதலாளியின் சொல்லுக்குப் பணிந்து எழுதினும் பொய் பொய்யே. குற்றத்தின் பெரும்பங்கு முதலாளிக்குப் போகும், முழுவதும் போகாது.

காரோட்டியின் நிலை இதனினும் கொடிது. 'இந்தப் பொட்டலத்தை உன் பையில் வை. விமானச் சீட்டும் மூன்று நாள் சாப்பாடும் என் செலவு' என்று எஜமானர் கூறுகிறார். மறுத்தால் வேலை போகலாம். உடன்பட்டால், சுங்க அதிகாரி பையைத் திறக்கும்போது பணம் யாருடையது என்ற வினாவுக்கு விடை கூற வேண்டியவன் ஏழையே. எஜமானர் அடுத்த வரிசையில் நிற்பார். அப்பொட்டலத்தை ஏற்கலாகாது என்பதே நம் முடிவு. இதை எழுதுவது எளிது. வீட்டு வாடகை எழுதித் தீர்வதில்லை என்பதையும் அறிவோம். ஆகவே இத்தகைய காரணத்தால் வேலையிழக்கும் அன்பர், தாமே வருந்திக்கொண்டிராமல் சங்கத்தாரிடம் வந்து தெரிவிக்க வேண்டுகிறோம். வேறு வேலை கிடைக்கும் வரை அவர் வீட்டு அடுப்பு எரியுமாறு பார்த்துக்கொள்வது, அவரை மறுக்கச் சொன்ன நம் கடமை.