இரவில் வரும் நோவும் இல்லத்தாரின் கடமையும்

பகலெல்லாம் உழைத்த உடலுக்கு அல்லாஹ் இரவையும் உறக்கத்தையும் ஓய்வாக அளித்திருக்கிறான். ஆனால் அந்த ஓய்வுக்குள்ளேயே சிலரை ஒரு நோவு வந்து தாக்குகிறது. நள்ளிரவில் கெண்டைக்கால் சதை கல்லைப் போல் இறுகிவிடும்; பாதம் வளைந்து விரல்கள் முறுக்கிக்கொள்ளும். சில நிமிடங்களில் இறுக்கம் தளர்ந்துவிடும். விடிந்த பின் பார்த்தால் வீக்கமும் இராது, காயமும் இராது. ஏடுகளில் இதைக் குரக்குவலி என்பர். நம் மக்கள் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்பார்கள். வேறு சிலருக்கோ படுத்தவுடன் கால் குடைச்சல் எடுக்கும். எழுந்து நடந்தால்தான் அது அடங்கும்.

முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது மிகுதி. அந்தியூர், பவானிப் பக்கங்களில் குழித்தறியில் கால் மிதித்து நெய்பவராயினும், நாள் முழுதும் அடுப்படியில் நிற்கும் இல்லத்தரசியாயினும் யாருக்கும் இது வரலாம். பலருக்கு, இன்ன காரணத்தால் வந்தது என்று மருத்துவராலும் சொல்ல முடிவதில்லை.

காரணம் தெரியாத இடத்தில்தான் நம் நாவு நீளுகிறது. "என்ன பாவம் செய்தாரோ, அல்லாஹ் பிடித்துவிட்டான்" என்பார் ஒருவர். "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்பார் மற்றொருவர். இவ்விரு தீர்ப்புகளையும் கூற நமக்கு உரிமை உண்டா என்று சற்றே சிந்திப்போம்.

முதல் தீர்ப்பைப் பார்ப்போம். அஷ்ஷூரா அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தைச் சிலர் இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். நம்மை வந்தடையும் துன்பம் நம் கைகள் தேடிக்கொண்டதே என்று கூறும் அதே வசனம், அல்லாஹ் பலவற்றை மன்னித்தும் விடுகிறான் என்று முடிகிறது. இதை ஓதி ஒருவர் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்வது ஈமானின் அடையாளம். பிறரைப் பாவி என்று சுட்டுவதற்கு இது கருவியன்று. நபி ஐயூப் (அலை) அவர்களை எந்தப் பாவத்திற்காகப் பிணி வாட்டியது? இருவருக்கு வரும் காய்ச்சல் தம் ஒருவருக்கே வருவதாக நம் நாயகம் (ஸல்) அவர்களே கூறியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். முஸ்லிமின் காலில் தைக்கும் முள்ளும் அவருடைய பிழைகளை அழிக்கிறது என்பதும் அவர்களின் அருள்வாக்குத்தான். அவ்வாறிருக்க, பிழையைக் கழுவும் ஒன்றை இழிவின் முத்திரையாக்க நாம் யார்?

இரண்டாம் தீர்ப்பு இன்னும் கொடியது. காரணம் தெரியவில்லை என்பது வேறு. காரணமே இல்லை என்பது வேறு. இரவில் கால்களை அமைதியிழக்கச் செய்யும் குடைச்சலை 17ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதி வைத்தார். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் அதை மனக்கோளாறு வகையில் சேர்த்தவரும் உண்டு. சுவீடன் நாட்டு மருத்துவர் எக்போம் 1945இல் அதனைத் தனி நோயாக விரித்துரைத்தார். இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவோருக்கும் சிறுநீரகம் கெட்டோருக்கும் அது வரும் என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் பொய்யர் என்று ஏசப்பட்டவர்களின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள் தம் உடலிலிருந்த ஒரு வலியை நபியவர்களிடம் முறையிட்டார்கள். வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ்வும், ஏழு முறை பாதுகாவல் தேடும் துஆவும் ஓதுமாறு நபியவர்கள் கற்பித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. வலிக்கிறது என்ற சொல் அப்படியே ஏற்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

துஆவோடு மருந்தும் வேண்டும். மருத்துவம் செய்துகொள்ளப் பணித்தவர்களும் அவர்களே. சதை பிடிக்கும்போது முழங்காலை நீட்டிப் பாதவிரல்களைத் தம் பக்கமாக மெல்ல இழுத்தால் இறுக்கம் விடும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்தாலும், காலில் பலம் குறைந்தாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். கண்டதை வாங்கி விழுங்கலாகாது. நீலகிரியில் 1860களில் பயிராக்கப்பட்ட சின்கோனா மரப்பட்டையின் சாரமான கொயினா, இந்த நோவுக்கும் நெடுங்காலம் தரப்பட்டது. அது இரத்தத்தையும் இதயத்தையும் கெடுக்கக்கூடும் என்பதால், இந்த நோவுக்காக அதைச் சீட்டின்றி விற்பதை அமெரிக்க அரசு 1994இல் நிறுத்தியது. 2010இல் மீண்டும் எச்சரித்தது.

இரவெல்லாம் நோவில் கழித்தவர் நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடமளிக்கிறது. அதையும் சோம்பல் என்று முணுமுணுப்பது நமக்கு அழகன்று.

இறைநம்பிக்கையாளர் அனைவரும் ஓர் உடலைப் போன்றவர். ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுதும் உறக்கமின்றிக் காய்ச்சலுறும் என்றார்கள் அண்ணலார். உவமைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டதே உறக்கமின்மைதான்! பக்கத்துப் பாயில் மருமகள் காலைப் பிடித்துக்கொண்டு விம்மும்போது, திரும்பிப் படுத்துக்கொள்ளும் வீட்டில் அந்த ஓருடல் எங்கே இருக்கிறது? எழுந்து விளக்கைப் போடுங்கள். ஒரு குவளை நீர் கொடுங்கள். காலை நீவி விடுங்கள். "வலிக்கிறதா அம்மா?" என்று கேளுங்கள். காலையில் அவர் சற்றுப் பிந்தி எழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நோவின் காரணத்தை அல்லாஹ் அறிவான். நம்மிடம் அவன் கேட்கப்போவது அந்தக் காரணத்தையன்று. அருகிலிருந்த நாம் என்ன செய்தோம் என்பதையே.

நோயுற்றோருக்குச் சுகத்தையும், அவர்களின் அருகிலிருப்போருக்கு இரக்கத்தையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.