சினம் செல்லும் வழி



நூற்பாலையில் ஒரு தொழிலாளி, அறுந்த இழையை இணைக்கச் சற்றே தாமதித்தான். மேஸ்திரி பலர் முன்னிலையில் அவனை ஏசினார். மறுமொழி கூறினால் வேலை போகும். ஆகவே வாய்மூடி நின்றான். மாலையில் வீடு சேர்ந்தவன், சோறு ஆறிவிட்டதென மனைவியைச் சினந்தான். அவள் மகனை அடித்தாள். மகன் தங்கையைக் கிள்ளினான். ஆலையில் பிறந்த ஒரு சுடுசொல், ஏதுமறியாக் குழந்தையின் கையில் வடுவாய் முடிந்தது. ஆலையிலே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த நாம், இதனைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறோம்.

மனோதத்துவ அறிஞர் இதனை ஆராய்ந்துளர். அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் டாலர்டும் அவர்தம் தோழர்களும் 1939ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டனர். விருப்பம் தடைப்படுமிடத்துச் சினம் எழும். தடுத்தவன் வலியனாயின், அது எளியார்மேல் திரும்பும் என்பது அவர்தம் கருத்து. எனினும் அவர்களுள் ஒருவரான நீல் மில்லர், தடையுற்றோர் யாவரும் தாக்குவதில்லை என்று 1941இல் தெளிவுபடுத்தினார். இத்தெளிவிலேதான் நமக்கு நம்பிக்கை இருக்கின்றது. தாக்குதல் விதியன்று, தடுக்கத்தக்கதே.

எங்ஙனம் தடுப்பது? பன்னிரு நிதானங்களுள் ஊறு, நுகர்வு, வேட்கை என்பன அடுத்தடுத்து நிற்பதை மணிமேகலை கற்றோர் அறிவர். சுடுசொல் செவியிற் படுதல் ஊறு; நெஞ்சு எரிதல் நுகர்வு; திருப்பியடிக்கத் துடித்தல் வேட்கை. எரிச்சலுக்கும் துடிப்புக்கும் இடையே விழிப்பை நிறுத்துக! வீட்டு வாயிலில் மும்முறை மூச்சை நோக்கி நின்று, "இச்சினம் எங்கே பிறந்தது? உள்ளே இருப்போர் செய்த குற்றம் யாது?" என்று வினவுக.

அங்ஙனமாயின், மேஸ்திரியின் ஏச்சைப் பொறுத்துக்கொண்டே இருப்பதா எனக் கேட்பீர். அன்று! அடங்கிக் கிடக்கச் செய்யும் மருந்தன்று தியானம். எளியார்மேல் பாயாத சினமே நீதி கேட்கும் வலிமையாகும். அண்ணல் அம்பேத்கர், வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கிய மசோதாவை எதிர்த்து, 1938 நவம்பர் 7ஆம் நாள் பம்பாயில் நிகழ்ந்த ஒருநாள் வேலைநிறுத்தத்திற்குத் தலைமையேற்றோருள் ஒருவர். அவரே 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம்மத்தைத் தழுவினார். உரிமைக் குரலும் உள்ளத்தமைதியும் ஒருவரிடத்தே குடியிருத்தல் கூடும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆகவே அன்பர்களே, ஆலையில் நேர்ந்த அநீதியைச் சங்கத்தின்முன் வையுங்கள். நிதானமாக, சாட்சியோடு வையுங்கள். இல்லத்திற்குக் கூலியை மட்டும் கொண்டுசெல்லுங்கள், சினத்தைக் கொண்டுசெல்லாதீர்கள்.

மங்களம் உண்டாகுக!