வேறு வழியில்லாத குழந்தை

2013 மே மாத இறுதியில், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரப் பள்ளிகளை நிர்வகித்த ஆணையம் அடுத்த கல்வியாண்டுக்கான பட்ஜெட்டை நிறைவேற்றியது. பற்றாக்குறை 30 கோடி டாலருக்குச் சற்று மேல். அதை ஈடுகட்ட மாணவர் ஆலோசகர் வேண்டாம், துணைத் தலைமையாசிரியர் வேண்டாம், நூலகர் வேண்டாம், இசை வேண்டாம், விளையாட்டு வேண்டாம் என்று ஒவ்வொன்றாக அடிக்கப்பட்டன. சில நாட்களில் ஏறத்தாழ 3,800 பேருக்குப் பணிநீக்க நோட்டீஸ் போனது. இருபதுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூடுவதென்று முன்னரே முடிவாகியிருந்தது. 5 கோடி டாலருக்கு நகர நிர்வாகம் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகே செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன. வேலையிழந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

அந்த ஆணையத்தைக் கல்நெஞ்சர்களின் கூட்டம் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நியாயம் ஆகாது. அமெரிக்கப் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை உயர்ந்த ஊரில் பள்ளியும் செழிக்கும், விலை சரிந்த ஊரில் அதுவும் வாடும். இந்த ஏற்பாடு கூட்டாட்சி அரசியல் சட்டத்துக்கு முரணானது அல்ல என்று 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஃபிலடெல்ஃபியா அமைந்துள்ள பென்சில்வேனியா மாநிலத்தின் பள்ளி நிதிமுறை அம்மாநில அரசியல் சட்டத்தையே மீறுகிறது என்று ஒரு மாநில நீதிமன்றம் சொல்ல 2023 பிப்ரவரி வரை ஆனது. 2013இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை அப்போது பத்தாம் வகுப்பை எட்டியிருக்கும். ஆக முதல் குற்றம் மாநிலத் தலைநகரில் நடக்கிறது. ஆனால் கத்தியைப் பிடித்திருப்பது உள்ளூர் வாரியம். எதை வெட்டுவது என்ற கேள்விக்கு அதுதான் அறவழியில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு பள்ளி மாவட்டத்தின், அதாவது ஒரு வாரியத்தின் கீழுள்ள பள்ளிகளின், செலவில் ஐந்தில் நான்கு பங்கு போலச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் போய்விடும். கடன் தவணையைத் தொட முடியாது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வியை 1975ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது, காக்கத்தான் வேண்டும். அதற்கான கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்ன கூட்டாட்சி அரசு ஒருமுறைகூட அந்த அளவைத் தொட்டதில்லை. வாசிப்பையும் கணிதத்தையும் ஆண்டுத் தேர்வு காக்கிறது. இவ்வளவும் போக மிஞ்சுகிறவர்கள் ஆலோசகர், நூலகர், ஓவிய ஆசிரியர், இசை ஆசிரியர். வெட்டு இவர்கள் மேல் விழுவது இவர்கள் தேவையற்றவர்கள் என்பதால் அல்ல. இவர்களுக்காக வாதாட ஒரு சட்டமோ மதிப்பெண் பட்டியலோ இல்லை. செவிலியருக்குச் சட்டம் உண்டு, ஆனால் பெயருக்குத்தான்: பென்சில்வேனியாவில் 1,500 மாணவருக்கு ஒரு செவிலியர் போதும். ஆஸ்துமாவால் மூச்சுத் திணறும் குழந்தைக்கு, வேறொரு பள்ளியில் இருக்கும் செவிலியரால் என்ன பயன்?

வாரியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாதம், அதிகம் பேருக்குப் பயன்படுவதை வைத்துக்கொண்டு சிலருக்கு மட்டும் பயன்படுவதை நீக்கலாம் என்பது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் பள்ளியில் படித்துக்கொண்டே தாயாகிவிட்ட மாணவியரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயன்பெறுவோர் பத்துப் பேர்தான். அதை மூடினால் அந்தப் பத்துப் பேரின் படிப்பே நின்றுபோகும். ஒரு வகுப்புக்கு இரண்டு மாணவரைக் கூட்டினால் ஆயிரக்கணக்கானோர் சிறிது சிரமப்படுவார்கள், யாருடைய படிப்பும் நிற்காது. தலைகளை எண்ணினால் முதல் வெட்டு சிறியதாகவும் இரண்டாவது பெரியதாகவும் தெரியும். உண்மை நேர்மாறு.

பொதுக் கூட்டத்தின் குரலை வைத்து முடிவெடுப்பது இதைவிட மோசம். ஒலிபெருக்கி முன்னால் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். மாலை ஆறு மணிக்கு அங்கே வந்து நிற்க முடிந்தவர் யார்? இரவுப் பணிக்குப் புறப்படும் தாய் வரமாட்டாள். ஆங்கிலம் பேசத் தயங்கும் தந்தையும் வரமாட்டார். வந்தவர்கள் சொல்வது பொய்யில்லை. வராதவர்களின் இழப்பு பதிவாவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, பள்ளி இதை நிறுத்திவிட்டால் இந்தக் குழந்தைக்கு வேறெங்கே கிடைக்கும் என்பதே. வசதியான பகுதியில் பள்ளி வாத்தியக் குழு கலைந்தால் பெற்றோர் தனி ஆசிரியரை அமர்த்துவார்கள். குழந்தைக்கு வருத்தம் இருக்கும், வயலின் கையை விட்டுப் போகாது. ஏழைக் குடியிருப்பில் பள்ளி தரும் வாத்தியம்தான் அந்தக் குழந்தை வாழ்நாளில் தொடப்போகும் ஒரே வாத்தியமாக இருக்கலாம். இசை ஆடம்பரம் என்ற பேச்சு அங்கே நிற்காது. ஒரே மாவட்டத்தில், ஒரே வெட்டு, இரண்டு வேறு காரியங்களைச் செய்கிறது.

எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே சதவீதம் என்று வெட்டுவதை நடுநிலை என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான். லாஸ் ஏஞ்சலஸில் 2009இல் நடந்த ஆசிரியர் பணிநீக்கமே சாட்சி. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற பணிமூப்பு விதி அனைவருக்கும் பொதுதான். ஆனால் இளம் ஆசிரியர்கள் குவிந்திருந்தவை ஏழைப் பகுதிப் பள்ளிகள். பாதிக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு நோட்டீஸ் போன பள்ளிகள் இருந்தன. மூன்று நடுநிலைப் பள்ளிகளின் மாணவர்கள் சார்பில் மறு ஆண்டு வழக்கே தொடரப்பட்டது. பணிமூப்பு விதி நெடுநாள் பணியாற்றியவரைக் காக்கும் நல்ல ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேறு வழியில்லாத குழந்தையை முன்னிறுத்தும் இந்த அளவுகோலுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வசதியானோர் விரும்பும் வகுப்புகளை வெட்டினால் அவர்கள் தனியார் பள்ளிக்கோ புறநகருக்கோ போய்விடுவார்கள். மாணவர் எண்ணிக்கையோடு நிதியும் குறையும், கடைசியில் அடிபடுவது ஏழைக் குழந்தையே. இந்த அச்சம் பொய்யல்ல, கணக்கில் சேர்க்க வேண்டியதுதான். ஆனால் அது கணக்கில் ஓர் இடம் மட்டுமே பெறலாம். மிரட்டிவிட்டுப் போக முடிந்தவருக்கு மிரட்டலே இரண்டாவது வாக்காகிவிட்டால், போக இடமில்லாதவரின் ஒரே வாக்கும் மதிப்பிழக்கும். மேல்நிலைக் கணித வகுப்பைக் காக்க வேண்டுமென்றால், தனிப் பயிற்சிக்கு வழியில்லாத கெட்டிக்கார மாணவிக்காகக் காக்கலாம். அந்தக் காரணமே போதும்.

வெட்டிய பின்பும் கேள்வி தீர்வதில்லை, ஏனெனில் பணமுள்ள பெற்றோர் தங்கள் பள்ளிக்கு மட்டும் வெட்டை ரத்துசெய்துகொள்வார்கள். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் பெற்றோர் அறக்கட்டளைகள் நிதி திரட்டித் தங்கள் பள்ளிக்குக் கூடுதல் ஊழியரை அமர்த்தி வந்தன. 10,000 டாலருக்கு மேல் திரட்டும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைப் பொது நிதிக்குத் தர வேண்டும் என்பது அங்கே நெடுநாள் விதியாக இருந்தது. 2024இல் பள்ளி வாரியம், இப்படித் திரட்டிய பணத்தில் ஊழியரை அமர்த்தும் ஏற்பாட்டையே முடித்துவைக்க வாக்களித்தது. தம் பிள்ளைக்குச் செய்வதைத் தடுக்க இவர்கள் யார் என்று பெற்றோர் கேட்பது இயல்பு. பிள்ளைப் பாசத்தைக் குறை சொல்வதற்கில்லை. இருந்தாலும் வாரியம் செய்தது சரி. எந்தப் பள்ளியில் யார் வேலை செய்வது என்பது ஒரு தெருவின் வசதியைப் பொறுத்து அமையுமானால் அதைப் பொதுப்பள்ளி என்பதற்கில்லை. வெட்டின் வலி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தால்தான், அந்தப் பெற்றோரின் செல்வாக்கும் நேரமும் மாநிலத் தலைநகரை நோக்கித் திரும்பும்.