எளிது என்பது எதன் அளவு?

கணிதத் தேர்வு எளிதாகிவிட்டது என்ற புகாரை மூன்று விதமாகப் பொருள் கொள்ளலாம். பாடத்திட்டத்திலிருந்து கடினமான பகுதிகள் கழிக்கப்பட்டன என்பது ஒன்று. பாடம் அதேதான், வினா கேட்கும் முறை இளகிவிட்டது என்பது இன்னொன்று. பாடமும் வினாவும் மாறவில்லை, தேர்ச்சிக் கோடுதான் கீழே இறங்கியது என்பது மூன்றாவது. ஒன்று உண்மையானால் மற்றவையும் உண்மையாக வேண்டும் என்பதில்லை. வினாத்தாள் கடுமையாகிக்கொண்டே போகும் அதே ஆண்டில் தேர்ச்சிக் கோடு சரிவதும் உண்டு.

இந்த விவாதம் நீண்ட காலமாக நடந்துவரும் நாடு இங்கிலாந்து. சாதாரண தரம், உயர்தரம் என்ற இரு தேர்வுகள் அங்கே 1951இல் தொடங்கின. இலங்கையின் க.பொ.த. தேர்வுகள் அந்தப் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன. சாதாரண தரம் எல்லாப் பிள்ளைகளுக்குமானதாக இருக்கவில்லை. மேல்வரிசையில் இருந்த ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரை மனத்தில் வைத்தே அது அமைந்தது. அடுத்த வரிசையினருக்கென 1965இல் சி.எஸ்.இ. என்ற தனித் தேர்வு வந்தது. 1988இல் இரண்டும் ஜி.சி.எஸ்.இ. என ஒன்றாயின. பழைய வினாத்தாளையும் புதியதையும் அருகருகே வைத்துப் பெருமூச்சு விடுவோர், தாளோடு சேர்ந்து அதை எழுத உட்கார்ந்த கூட்டமும் மாறிவிட்டதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

தேர்ச்சிக் கோட்டின் கதை தனியானது. 1960களில் உயர்தரத்துக்கு ஒரு வழிகாட்டு விகிதம் இருந்தது: எழுதுவோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு 'ஏ', மொத்தத்தில் எழுபது பேருக்குத் தேர்ச்சி. அந்த முறையில் தேர்வு எளிதானதா கடினமானதா என்று முடிவுகளைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. எல்லோரும் நன்றாக எழுதினாலும் பத்துப் பேர்தான். எல்லோரும் சொதப்பினாலும் பத்துப் பேர்தான். 1987இல் இது கைவிடப்பட்டு, விடைத்தாளின் தரத்தைப் பார்த்துக் கோடு போடும் பொறுப்பு தேர்வாளர்களிடம் வந்தது. அதன்பின் உயர்தரத் தேர்வுகளில் உச்சத் தரம் பெறுவோர் ஆண்டுதோறும் கூடினார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்றாக இருந்த 'ஏ' அல்லது அதற்கு மேல் பெற்றோரின் பங்கு, 2010இல் காலுக்கு மேல் இருந்தது. அரசுத் தரப்பு அதைக் கற்பித்தலின் வெற்றி என்றது. மறுதரப்பு நாணயத்தின் மதிப்பு வீழ்ந்துவிட்டது என்றது.

இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது தேர்வுக்கு வெளியே நிற்கும் ஓர் அளவுகோல். தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் தம் 'தத்துவ ஆய்வுகள்' நூலில் பாரிஸில் காக்கப்பட்ட மீட்டர் கோலைப் பற்றி ஒன்று சொல்கிறார்: அந்தக் கோலை மட்டும் ஒரு மீட்டர் நீளம் என்றோ இல்லை என்றோ கூற முடியாது, ஏனெனில் மற்றவற்றை அளப்பதற்கு அதுவே கருவி. பொதுத் தேர்வும் அத்தகைய கோல்தான். வேறொரு கோலைக் கொண்டுவந்தால் மட்டுமே அது நீண்டதா குறுகியதா என்று பார்க்க முடியும். கோவென்ட்ரி பல்கலைக்கழகம் 1991 முதல் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு ஒரே கணிதச் சோதனையை மாற்றாமல் வைத்துவந்தது. அதன் முடிவுகள் 2000இல் பொறியியல் குழு வெளியிட்ட ஓர் அறிக்கையில் இடம்பெற்றன. உயர்தரத்தில் 'பி' வாங்கி 1990களின் இறுதியில் வந்தவர்கள், 1991இல் அதே தேர்வில் தோற்று வந்தவர்களின் அளவுக்கே அந்தச் சோதனையில் மதிப்பெண் எடுத்தார்கள்.

வலுவான சான்றுதான். ஆனால் அந்தச் சோதனை அளந்தது அடிப்படைக் கணிதத்தில், குறிப்பாக இயற்கணிதத்தில், கைப்பழக்கத்தை. அதே ஆண்டுகளில் பள்ளிகள் அந்தப் பழக்கத்துக்கு ஒதுக்கிய நேரத்தைக் குறைத்து, புள்ளியியல், நிகழ்தகவு போன்றவற்றுக்குக் கொடுத்திருந்தன. பழைய கோல், அது எதை அளக்கச் செய்யப்பட்டதோ அதன் குறைவைத்தான் காட்டும். புதிதாகச் சேர்ந்தது அதன் கண்ணில் படாது. 'பி' என்ற எழுத்து 1991இல் தந்த உறுதியைப் பின்னர் தரவில்லை என்பது மட்டும் ஐயமின்றி நிலைபெறுகிறது. மாணவர்களுக்குக் கணக்கு வரவில்லை என்பது அதிலிருந்து தானாகப் பின்தொடராது.

தேர்வு கடினமாகிப்போன அனுபவமும் உண்டு. 2000இல் உயர்தரம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, முதலாண்டு இறுதியில் ஏ.எஸ். என்ற இடைத்தேர்வு வைக்கப்பட்டது. 2001இல் கணிதத்தில் அதை எழுதியவர்களில் கால் பங்குக்கும் மேலானவர்கள் தோற்றார்கள். மறு ஆண்டு உயர்தரக் கணிதத்தை முடித்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 66,000இலிருந்து 54,000ஆகச் சரிந்தது. 2004இல், மூன்று அலகுகளில் அடைத்திருந்த தூய கணிதத்தை நான்கில் பரப்பிச் சுமையைக் குறைத்தார்கள். கடினம் கூடியதால் கணிதம் ஆழமாகவில்லை, வகுப்பறைதான் காலியானது.

இந்தப் புகாரில் வினாவின் வடிவம்தான் தத்துவத்துக்கு நெருக்கமான பகுதி. அலகு முறைக் காலத்து வினாத்தாள்களில் ஒரு கணக்கு 'அ', 'ஆ', 'இ' எனப் படிகளாக உடைக்கப்பட்டிருக்கும். முதற்படியில் கிடைத்ததை இரண்டாம் படியில் போடு, அதை வைத்து மூன்றாவதைக் காட்டு என்று தாளே கைப்பிடித்து நடத்தும். பழைய தாள்களில் அதே கணக்கு ஒற்றை வரியில், வழி சொல்லாமல் நின்றது.

இந்தக் கைப்பிடித்தலின் மிகப் பழைய காட்சி பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலில் இருக்கிறது. கணிதமே படித்திராத ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, பக்கம் இரண்டு அடி கொண்ட சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்கச் சொல்கிறார் சாக்ரடீஸ். பக்கத்தை இரட்டிப்பாக்கலாம் என்கிறான் சிறுவன். பரப்பு எட்டுக்குப் பதிலாகப் பதினாறு ஆகிறது. மூன்று அடி வைக்கலாம் என்கிறான், ஒன்பது ஆகிறது. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். பிறகு சாக்ரடீஸ் மூலைவிட்டத்தைக் கோடிட்டுக் காட்டி, ஆம் என்றும் இல்லை என்றும் பதில் வரும்படி வினாக்களை அடுக்குகிறார். மூலைவிட்டத்தின் மேல் எழும் சதுரமே விடை என்று சிறுவன் வந்துசேர்கிறான். தான் எதையும் கற்பிக்கவில்லை, அவன் நினைவுகூர்ந்தான் என்பது சாக்ரடீஸின் வாதம். கண்டிப்பான தேர்வாளர் ஒருவர் அந்த விடைத்தாளைத் திருத்தினால், மதிப்பெண்ணில் பெரும்பகுதி சாக்ரடீஸுக்கே போகும்.

சாக்ரடீஸுக்கும் இது தெரியாமல் இல்லை. சிறுவனுக்கு இப்போது இருப்பது கனவு போன்ற ஒன்று, அதே வினாக்களைப் பலமுறை, பல விதமாகக் கேட்டால்தான் அறிவாகும் என்று அவரே சொல்கிறார். 'பலமுறை' பயிற்சியைக் குறிக்கிறது, 'பல விதமாக' என்பது பழகாத வடிவத்தை. அலகு முறை முதலாவதைத் தாராளமாகக் கொடுத்தது. தேர்வை மீண்டும் மீண்டும் எழுதவும் விட்டது. இரண்டாவதைக் கொடுக்கவில்லை. எளிதாகிவிட்டது என்ற புகாருக்கு உண்மையான வலு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

2015 ஜூனில் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் வந்த ஒரு வினா இதற்கு நேர் சான்று. ஹன்னாவின் பையில் சில மிட்டாய்கள். அவற்றுள் ஆறு ஆரஞ்சு, மற்றவை மஞ்சள். பார்க்காமல் ஒன்றை எடுத்துத் தின்கிறாள், பிறகு இன்னொன்று. இரண்டும் ஆரஞ்சாக இருக்கும் நிகழ்தகவு மூன்றில் ஒன்று. மொத்த எண்ணிக்கையின் வர்க்கத்திலிருந்து அந்த எண்ணிக்கையையும் 90ஐயும் கழித்தால் பூச்சியம் வரும் என நிறுவ வேண்டும். தேர்வு முடிந்ததும் மாணவர்கள் ட்விட்டரில் பொங்கினார்கள். மிட்டாய்க்கும் சமன்பாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்கள். கணக்கு மூன்றே வரிதான். ஆறின் கீழ் மொத்தம், ஐந்தின் கீழ் மொத்தத்தில் ஒன்று குறைவு. இரண்டையும் பெருக்கி மூன்றில் ஒன்றுக்குச் சமன் செய்தால் 90 தானாக வெளிவரும். மொத்தம் பத்து மிட்டாய். நிகழ்தகவும் இருபடிச் சமன்பாடும் அவர்கள் படித்தவையே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாலம்தான் தாளில் இல்லை. வினாவின் கடினம் அதிலுள்ள கணிதத்தில் இல்லை. பழக்கியதற்கும் கேட்டதற்கும் உள்ள தூரத்தில் இருந்தது.

அதே அளவுகோலைப் பழைய தாள்மீதும் வைக்க வேண்டும். 1950களின் சாதாரண தரத்தில் வடிவியல் தேற்றங்களை நிறுவச் சொன்னார்கள். இன்று அது மிரட்டும் வினாவாகத் தெரிகிறது. அன்று தேற்றத்தை மனப்பாடம் செய்துபோய் அப்படியே இறக்கிவைத்தவர்களும் முழு மதிப்பெண் வாங்கியிருக்க முடியும். மடக்கை வாய்பாட்டைப் புரட்டி வகுத்தலைக் கழித்தலாக்கிய திறனும், கால்குலேட்டர் வந்த பின்பு பார்க்கையில், உழைப்பு மிகுந்ததே தவிர ஆழமானது அல்ல. மாணாக்கரை வகைப்படுத்தும் நன்னூல், சொன்னதைச் சொல்லும் கிளியை இடைநிலையில் வைக்கிறது. பழைய தாளும் புதிய தாளும் வேறு வேறு பாட்டுகளைப் பழகிய கிளிகளை உருவாக்கியிருக்கலாம்.

கிளியையும் புரிந்துகொண்டவரையும் விடைத்தாளில் பிரித்தறிய முடியுமா என்பது இன்னும் கடினமான கேள்வி. ஆஸ்திரியக் கிராமப் பள்ளிகளில் ஆறாண்டு போல ஆசிரியராக இருந்த விட்கென்ஸ்டைன், இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போகக் கற்ற ஒரு மாணவனைக் கற்பனை செய்கிறார். ஆயிரம் வரை பிழையில்லை. அதற்குமேல் 1004, 1008 என்று எழுதுகிறான்; இப்படித்தானே செய்யச் சொன்னீர்கள் என்கிறான். ஆயிரம் வரை மட்டும் கேட்ட தேர்வு அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கும். வரம்புள்ள எந்த வினாத்தாளும் புரிதலை முழுமையாக நிறுவாது. ஆயினும், பயிற்சி தொட்ட எல்லையைக் கொஞ்சம் தாண்டிக் கேட்கும் தாள் அதிகம் காட்டிக்கொடுக்கும்.

2017இல் ஜி.சி.எஸ்.இ. கணிதம் அந்தத் திசையில் திருத்தப்பட்டது. பாடம் கூடியது, படி உடைக்காத வினாக்கள் கூடின, தரங்கள் 9 முதல் 1 வரையிலான எண்களாயின. முந்தைய ஆண்டினரை ஒத்த திறனுடையவர்களுக்கு அதே விகிதத்தில் தரம் கிடைக்க வேண்டும் என்ற கொள்கையைக் கண்காணிப்பு அமைப்பு பின்பற்றியது. விளைவாக, மேல்நிலைத் தாளில் தேர்ச்சியாகக் கருதப்படும் 4ஆம் தரத்துக்கு முக்கியத் தேர்வு வாரியங்களில் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவான மதிப்பெண்ணே போதுமானதாயிற்று. தாள் ஏறியது, கோடு இறங்கியது. எண்பது பங்கை விட்டுவிட்டு வந்தவரும் தேர்ச்சி பெற்றார் என்று அப்போதும் புகார் எழுந்தது.

இலங்கை வேறு வழியில் போனது. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் உயர்தர மதிப்பெண்ணை நேரடியாக எடுக்காமல் இசட் புள்ளியாக மாற்றுகிறார்கள்: மாணவர் எடுத்தது சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது, அந்த விலகல் மதிப்பெண்களின் திட்ட விலக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே கணக்கு. கடினமான பாடத்தில் எடுத்த 60, எளிய பாடத்தில் எடுத்த 75ஐ மிஞ்சலாம். 2011இல் பழைய பாடத்திட்டத்தினரும் புதியதைப் படித்தவர்களும் ஒரே ஆண்டில் எழுதினார்கள். இரு கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணக்கிட்டது வழக்கானது. இரண்டும் வேறு வேறு கூட்டங்கள், தனித்தனியே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. அதன்படி ஒவ்வொரு மாணவரும் தம் தாளை எழுதியவர்களோடு மட்டும் ஒப்பிடப்பட்டார். இரண்டு தாள்களில் எது எளிது என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.