வேலியும் மனச்சாட்சியும்

தன் நிலத்தில் நஞ்சு விழலாகாது என்று ஓர் உழவன் எண்ணுகின்றான். அவன் நஞ்சு தெளிக்காதுவிட்டால் அயலவனின் பயிர் அழியக்கூடும் என்று அரசு கூறுகின்றது. அவன் தன் மனச்சாட்சிக்கு அடங்குவதா, ஊரின் நலனுக்கு அடங்குவதா? அறநூல்களோடு நின்றுவிடும் வினா அன்று இது. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலே திராட்சை பயிரிடும் ஒருவரை இவ்வினா நீதிமன்றம் வரை கொண்டுசென்றது.

இம்மானுவேல் ஜிபுலோ என்பது அவர் பெயர். போன் நகரை அண்டி ஏறத்தாழ 10 ஹெக்டயர் நிலத்தில் பயிரிட்டு வைன் செய்பவர். அவருடைய தந்தையார் 1970களிலேயே இரசாயனங்களைக் கைவிட்டார். மைந்தரோ அதற்கும் ஒரு படி மேலே சென்று, பயோடைனமிக் எனப்படும் உயிரியக்க வேளாண்மையை மேற்கொண்டார். 1924ஆம் ஆண்டில் ருடோல்ஃப் ஸ்டைனர் ஆற்றிய 8 சொற்பொழிவுகளிலே தோன்றிய முறை அது. பசுக்கொம்பிலே சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுவதும் மண்ணிற் புதைப்பர். வசந்தத்தில் அதனைத் தோண்டியெடுத்து, ஒரு மணி நேரம் நீரிற் கலக்கி நிலத்தில் தெளிப்பர். கொம்பு அண்டத்தின் ஆற்றலை ஈர்க்கின்றது என்பது ஸ்டைனரின் கொள்கை. அதற்கு விஞ்ஞானச் சான்று இல்லை என்பதை நாம் ஒளிக்காமற் கூறல் வேண்டும். ஆயினும் மண்ணை உயிருள்ளதாக மதித்து, ஒவ்வொரு கொடியையும் நின்று நோக்கும் உழவனின் கவனம் மூடநம்பிக்கை ஆகாது. கொம்பை மறுப்போர் அக்கவனத்தையும் சேர்த்து மறுத்துவிடலாகாது.

திராட்சைக் கொடிகளைப் பற்றும் பொன்மஞ்சள் நோய்க்கு மருந்து இல்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய தத்தி இனப் பூச்சியொன்று அதனைக் கொடிக்குக் கொடி பரப்புகின்றது. நோய் கண்ட கொடியை வேரோடு பிடுங்கல் வேண்டும். ஒரு தோட்டத்தின் கொடிகளில் ஐந்திலொரு பங்கிற்கு மேல் நோயுற்றால் முழுத் தோட்டத்தையுமே பிடுங்கல் வேண்டும். அயல் மாவட்டத்தில் அந்நோய் தலைகாட்டவே, 2013இல் கோட்-டோர் மாவட்டத்தின் அரச அதிபர், மாவட்டம் முழுவதிலும் பூச்சிநாசினி தெளிக்குமாறு கட்டளையிட்டார். ஜிபுலோ மறுத்தார். அவருக்கு 6 மாதச் சிறையும் 30,000 யூரோ தண்டமும் வரை விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. பல இலட்சம் பேர் அவருக்கு ஆதரவாகக் கையொப்பமிட்டனர். 2014 ஏப்ரலில் டிஜோன் நீதிமன்றம் அவருக்கு 1,000 யூரோ தண்டம் விதித்து, அதிற் பாதியை ஒத்திவைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அக்கட்டளையே சட்டப்படி செல்லாது எனக் கண்டு அவரை விடுதலை செய்தது.

சட்டத்தின் வினா அத்துடன் தீர்ந்தது. அறத்தின் வினா தீரவில்லை.

இயற்கை என்ற சொல்லையே முதலில் ஆராய்வோம். இயற்கை விவசாயிகளுக்கு அரசு அனுமதித்த மருந்து, செவ்வந்தி இனப் பூவொன்றிலிருந்து எடுக்கப்படும் பைரித்திரம். பூவிற் பிறந்ததாயினும் அது தத்தியை மட்டும் கொல்வதில்லை. தேனீயையும், பயிருக்குத் துணைநிற்கும் பிற பூச்சிகளையும் கொல்லும். இதனையே ஜிபுலோ சுட்டிக்காட்டினார். ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதைக் கொண்டு அதனை நல்லதென்றோ தீயதென்றோ கூறுதல் இயலாது. அஃது என்ன செய்கின்றது, யாருக்குச் செய்கின்றது என்று கேட்பதே முறை. அவ்வாறு கேட்டால் நஞ்சைத் தெளிக்கும் கைகளும் நம் கண்ணிற்படும். பூச்சிநாசினிகளோடு தொடர்புற்ற பார்க்கின்சன் நோயை உழவர்களின் தொழில்நோயாகப் பிரெஞ்சு அரசு 2012இல் ஏற்றுக்கொண்டது. நஞ்சு விற்பவனுக்கு இலாபமும், தெளிப்பவனுக்கு நடுக்கமும் பங்காகும் உலகிலே, தெளிக்க மாட்டேன் என்று ஒருவன் சொல்வது வெறும் பிடிவாதம் ஆகாது.

ஆனால் தத்திக்கு வேலி தெரியாது. ஜிபுலோவின் அயலவர்களுள்ளும் சிறு உழவர்கள் இருந்தனர். இயற்கை முறையிற் பயிரிடுவோர் பலர், மனமின்றியேனும் பைரித்திரத்தைத் தெளித்தனர். ஒரு கொடியை நட்டுப் பயன்காணப் பல ஆண்டுகள் செல்லும். அதனைப் பிடுங்க நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் வாழ்வே ஆட்டங்காணும். என் நிலம் என் விருப்பம் என்ற வாதம் எவ்வளவு தூய உள்ளத்திலிருந்து எழுந்தாலும், அது தனியுடைமையின் வாதமேயாகும். தூய்மையைத் தன் வேலிக்குள் தேடுபவன், வேலிக்கு வெளியே நிகழ்வதற்கும் பொறுப்பாளி.

அவ்வாறாயின் அரசின் பக்கமே நியாயமா? அதுவும் அன்று. நோய் எங்கே உள்ளது என்று தேடிப் பாராமல், மாவட்டம் முழுவதையும் நஞ்சால் நனைக்க ஆணையிடுவது அலுவலகத்திற்கு எளிது, மண்ணுக்கு எளிதன்று.

வழி மூன்றாவது ஒன்றாயிருந்தது. பர்கண்டியின் உழவர்களும் தொழிலாளர்களும் அறுவடைக் காலத்தையொட்டி அணியணியாகத் திரண்டு, வரிசை வரிசையாக நடந்து, கொடி கொடியாகப் பார்க்கலாயினர். ஐயத்துக்குரிய கொடியிற் குறியிட்டு, அதன் இலைகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினர். நோய் உறுதியானால் அக்கொடியைப் பிடுங்கினர். நாற்றுமேடையிலிருந்து வரும் இளங்கன்றுகளை 50 பாகை வெந்நீரில் 45 நிமிடம் அமிழ்த்தி நோய்க்கிருமியை அழிக்கும் முறையும் கைகொடுத்தது. நோய் உள்ள இடம் தெரியவே, 2013இல் மாவட்டம் முழுவதையும் தழுவிய கட்டளை, பின்வந்த ஆண்டுகளில் குறிப்பிட்ட இடங்களுக்குச் சுருங்கியது.

இங்கே நாம் காண்பது யாது? ஜிபுலோ தம் தோட்டத்திற் காட்டிய அதே கவனம், ஊர் முழுவதன் உழைப்பாக மாறியபோதுதான் நஞ்சு குறைந்தது. அவர் மறுத்திராவிட்டால் ஊர் இவ்வளவு உரக்கக் கேள்வி கேட்டிருக்குமா என்பது ஐயமே. அவர் மறுத்ததோடு மட்டும் நின்றிருந்தால் ஒரு கொடியும் காப்பாற்றப்பட்டிராது. தனிமனிதனின் மறுப்பு கேள்வியை எழுப்பும். விடையைப் பலருடைய கால்கள் நடந்தே கண்டுபிடித்தல் வேண்டும். மறுக்கும் துணிவையும் சேர்ந்து நடக்கும் பொறுமையையும் ஒருங்கே வளர்க்காத சமுதாயத்தில், மனச்சாட்சி வேலிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.