விட்டுச் சென்ற சுவடுகள்

பயன் தீர்ந்த பொருளோடு நமக்குள்ள பொறுப்பும் தீர்ந்துவிடுமா? கோவாவின் கண்டோலிம் கடற்கரை இக்கேள்வியைப் பல்லாண்டுகள் சுமந்து நின்றது.

2000 ஜூன் மாதத்து மழைக்காலச் சீற்றத்தில் 'ரிவர் பிரின்சஸ்' என்னும் தாதுக் கப்பல் அங்கே தரைதட்டியது. அகற்றுவார் யார், செலவை ஏற்பார் யார் என்ற வழக்கிலேயே காலம் கழிந்தது. 2001-இல் மாநில அரசு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. இதற்கிடையே கப்பல் மணலில் புதைந்தது. அருகிருந்த கரையும் அரிக்கப்பட்டது. 2012 வாக்கில்தான் அதை வெட்டி அகற்றி முடித்தனர். ஆதாயம் ஒருவருக்கு, அல்லல் ஊருக்கு!

குஜராத்தின் அலங் கரைக்கும் 1983 முதல் பழங்கப்பல்கள் வருகின்றன. அவையோ முறையாக விற்று ஒப்படைக்கப்பட்டவை. அவற்றின் இரும்பு ஆலைக்கும், கதவும் கட்டிலும் கடைவீதிக்கும் சென்று மறுவாழ்வு பெறுகின்றன. அப்பணியில் உயிர் நீத்த தொழிலாளரையும் நாம் மறப்பதற்கில்லை. ஒப்படைப்பதோடு கடமை முடியாது. பெறுபவரின் உயிருக்கும் காப்பு வேண்டும்.

ஆபத்து விளைவிக்கும் சிதைந்த கப்பலை அகற்றுவது உரிமையாளரின் கடமை என்று 2007-இல் உருவான நைரோபி உடன்படிக்கை விதித்தது. அது 2015-இல் நடைமுறைக்கு வந்தது. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே போதித்தார்கள். பிறர் போட்ட முள்ளை எடுப்பதே ஈமானில் சேருமாயின், நாமே போட்டதை எடுப்பது எத்துணைக் கட்டாயம்!

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையில் கப்பல் ஏது என்று கேட்கலாம். நீர் வற்றியபின் மூடாது விட்ட ஆழ்துளைக் கிணறும் கைவிட்ட கப்பலே. அத்தகைய கிணறுகளை மண்ணிட்டு மூடவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறி வகுத்தது. எனினும் 2019 அக்டோபரில், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், அப்படியொரு குழியில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் போராடியும் உயிருடன் மீட்க இயலவில்லை.

பொருள் நம்முடையதன்று, இறைவன் தந்த அமானிதம். மனிதர் முற்படுத்தி அனுப்பியவற்றோடு, விட்டுச் சென்ற சுவடுகளையும் பதிவு செய்வதாக அல்லாஹ் யாஸீன் அத்தியாயத்தில் அறிவிக்கின்றான். நம் இல்லங்களில் நாள்தோறும் ஓதப்படும் அத்தியாயம் அது. ஓதி முடித்தபின் தோட்டத்துப் பக்கம் ஒருமுறை சென்று பார்ப்போம். மூடவேண்டிய குழி இருந்தால் இன்றே மூடுவோம். அதுவும் அமலே.